பட்டியலுக்கு முன்னால் ஒரு கதை: ஜி.ஆர்.இ. பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கு ஆங்கிலச் சொல்வளம் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

2009-இல் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தவன் நான். நாளுக்கு ஐம்பது சொல். தாளின் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். பேருந்திலும் அந்தத் தாள்தான், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அந்தத் தாள்தான். மதிப்பெண் வந்தது, அமெரிக்காவில் இடமும் கிடைத்தது. அந்த ஆசிரியரின் உழைப்பை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவரையோ உங்களையோ குறைசொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த பேட்ச் மாணவர்கள் வந்து உட்காரும் முதல் நாள், பட்டியலைக் கொடுக்காமல், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் ஒரு சிறுகதையைக் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

பால்டிமோரில் என் முதல் பருவம். ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி வாய்ப்பு கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் யோசித்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வகுப்பு முடிந்ததும் உங்களை அக்காஸ்ட் செய்யலாமா என்று அதில் கேட்டிருந்தேன். என் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு 'அணுகிப் பேசு' என்று இருந்தது. பணிவான, கொஞ்சம் உயர்ந்த சொல் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தெருவில் ஒருவரை வழிமறித்துத் தொந்தரவாகப் பேசுவதற்குத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோம் என்று மெதுவாகச் சொன்னார். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சொல்லைத் தப்பாக எழுதியதைவிட, மீதி மூவாயிரமும் என்னிடம் இப்படித்தான் இருக்கின்றனவோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் போவைப் படிக்கத் தொடங்கினேன். அதற்கு ஊரும் ஒரு காரணம். போ 1849 அக்டோபர் 7 அன்று இறந்தது பால்டிமோரில். ஃபேயட் தெருவும் கிரீன் தெருவும் சந்திக்கும் மூலையில், வெஸ்ட்மின்ஸ்டர் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கம்பிக்கதவுக்கு அப்பால் அந்தக் கல் தெரியும். சரி, இவரைப் படித்துத்தான் பார்ப்போமே என்று நூலகத்தில் ஒரு தொகுப்பை எடுத்தேன். முதலில் படித்த கதை 1846-இல் வந்த 'தி காஸ்க் ஆஃப் அமான்டில்லாடோ'. மூன்றாம் பத்தியைத் தாண்டியதும் அந்தச் சொல் நின்றது. திருவிழாக் கொண்டாட்டத்தின் உச்சத்தில், அந்தி மயங்கும் நேரத்தில், ஃபார்ச்சுனாட்டோ என்பவன் கதைசொல்லியை எதிர்கொள்கிறான். நிறையக் குடித்திருந்ததால் அளவுக்கு மீறிய பாசத்தோடு அக்காஸ்ட் செய்தான் என்று போ எழுதுகிறார். குடிகாரன் ஒருவன் நடுத்தெருவில் தோளில் கைபோட்டுப் பேச வருவதை அப்படியே பார்த்தேன். பேராசிரியர் சொன்னதன் முழு அர்த்தம் அந்த ஒரே வரியில் எனக்குக் கிடைத்தது. இனி ஜென்மத்துக்கும் அந்தச் சொல்லைத் தப்பாக எழுத மாட்டேன்.

அந்தக் கதையின் முதல் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கதைசொல்லியான மாண்ட்ரெசார் ஃபார்ச்சுனாட்டோவைப் பழிவாங்கப் போகிறான். அதற்கு இரண்டு நிபந்தனை வைத்துக்கொள்கிறான். தண்டிக்க வேண்டும், ஆனால் இம்ப்யூனிட்டியோடு தண்டிக்க வேண்டும். பழிவாங்கியவனையே ரெட்ரிபியூஷன் வந்து பிடித்துக்கொண்டால், இழைக்கப்பட்ட தீங்கு ரீட்ரெஸ் ஆனதாகக் கணக்கில்லை. தன்னைத் தண்டிப்பது யார் என்று எதிரிக்குத் தெரியாமல் போனாலும் ரீட்ரெஸ் ஆனதாகக் கணக்கில்லை. அகரவரிசைப் பட்டியலில் இந்த மூன்று சொற்களில் ஒன்று ஒரு மூலையிலும் மற்றவை இன்னொரு மூலையிலும் கிடக்கும். வலப்பக்கத்தில் 'தண்டனையின்மை', 'பதிலடி', 'நிவாரணம்' என்று இருக்கும். ஒன்றுக்கொன்று உறவே தெரியாது. இங்கே மூன்றும் ஒரே பத்தியில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் பொருள் தெரியாவிட்டாலும் மற்ற இரண்டும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

அதோடு முடியவில்லை. நிலவறைக்குள் இருவரும் நடந்துகொண்டே போகும்போது, மாண்ட்ரெசார் குடும்பத்தின் சின்னம் என்ன என்று ஃபார்ச்சுனாட்டோ கேட்கிறான். தங்கக் கால் ஒன்று பாம்பை நசுக்குகிறது, பாம்பின் பல் குதிகாலில் இறங்கியிருக்கிறது. குலவாசகம் லத்தீனில்: 'நெமோ மே இம்ப்யூனே லாசெசிட்'. என்னைச் சீண்டியவன் எவனும் தண்டனை இல்லாமல் தப்புவதில்லை. அந்த 'இம்ப்யூனே'தான் முதல் பத்தியின் இம்ப்யூனிட்டிக்கு வேர். சாகப்போகிறவனின் காதில் அந்தச் சொல்லே விழுகிறது, அவன் நல்லது என்று பாராட்டுகிறான். சொல்லின் வேரைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே கதையில் இம்மொலேஷன் என்ற சொல்லும் வருகிறது. நண்பனைப் போலச் சிரிக்கிறேன், ஆனால் என் சிரிப்பு இப்போது அவனுடைய இம்மொலேஷனை நினைத்து என்பதை அவன் அறியவில்லை என்கிறான் மாண்ட்ரெசார். எங்கள் பட்டியலில் 'தீயிட்டுப் பலியாக்கல்' என்று இருந்தது. கதையில் யாரையும் தீயிடவில்லை. ஃபார்ச்சுனாட்டோவைச் சங்கிலியில் பூட்டி, கல்லும் சாந்தும் வைத்துச் சுவர் எழுப்பி உயிரோடு அடைக்கிறான். அப்படியானால் ஏன் அந்தச் சொல்? அதன் உள்ளே இருப்பது நெருப்பு இல்லை, பலி. பலிக்கு நிற்கும் உயிரின் மேல் மாவு தூவும் பழைய ரோமானியச் சடங்கிலிருந்து வந்த சொல் அது. எதிரியைக் கொல்வதை ஒரு பூசையாகவே மாண்ட்ரெசார் நினைத்துக்கொள்கிறான் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது. மாட்லி என்ற சொல்லும் அப்படித்தான். 'பலநிறக் கலவை' என்று படித்திருந்தேன். ஃபார்ச்சுனாட்டோ திருவிழாவுக்காக மாட்லி அணிந்திருக்கிறான், அதாவது கோமாளி வேடம், கூம்புத் தொப்பி, அதில் மணிகள். கடைசிக் கல்லை வைக்கும் முன் மாண்ட்ரெசார் உள்ளே பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பதிலாக அந்த மணிகளின் ஓசை மட்டும் வருகிறது. அதைப் படித்த பிறகு மாட்லி என்றால் எனக்கு நிறம் நினைவுக்கு வருவதில்லை, அந்த மணிதான் கேட்கிறது.

ஊர் திரும்பிய பிறகு, கடந்த ஆறு ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் திருச்சியில் என் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டு மாணவர்களோடு இந்தக் கதைகளைப் படித்து வருகிறேன். கட்டணம் இல்லை. பெரும்பாலும் பொறியியல் மாணவர்கள், பாதிப்பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி கேட்பேன்: ஐம்பது ஆண்டுக்குப் பிறகு இந்தக் கதையை யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கும் மாண்ட்ரெசார் உண்மையிலேயே இம்ப்யூனிட்டியோடு தப்பித்தானா? ஒரு பக்கம், போலீஸ் பிடிக்கவில்லையே, தப்பித்தான் என்பார்கள். இன்னொரு பக்கம், ஐம்பது வருஷமாக மறக்க முடியவில்லை என்றால் அதுவே தண்டனை என்பார்கள். அரைமணி நேரம் அந்தச் சொல் வாய்க்கு வாய் மாறும். அந்த அரைமணிக்குப் பிறகு அவர்களில் ஒருவர்கூட அதை மறந்து நான் பார்த்ததில்லை.

போவின் கதைகள் இதற்கு ஏன் இவ்வளவு தோதாக இருக்கின்றன என்பதற்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார். இன்னோர் அமெரிக்க எழுத்தாளரான நத்தானியேல் ஹாதார்னின் கதைத் தொகுப்புக்கு 1842-இல் எழுதிய மதிப்புரையில், சிறுகதை அரைமணியிலிருந்து ஒன்றிரண்டு மணிக்குள் ஒரே மூச்சில் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார். முன்பே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கிப் போகாத ஒரு சொல்கூட அதில் எழுதப்படக் கூடாது என்றும் சொன்னார். சொல்வளம் கற்பிக்கிறவர்கள் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நாவலில் ஒரு கடினமான சொல்லைத் தாண்டிப் போய்விடலாம், கதை ஓடிக்கொண்டே இருக்கும். போவிடம் அது முடியாது. கடினமான சொல்லில்தான் கதையின் முடிச்சே இருக்கும்.

'தி டெல்-டேல் ஹார்ட்' 1843 ஜனவரியில் வந்தது. ஒரு கிழவரைக் கொன்றவன், தான் பைத்தியம் இல்லை என்று நம்மிடம் வாதாடுகிறான். எவ்வளவு எச்சரிக்கையோடு, எவ்வளவு முன்யோசனையோடு, எவ்வளவு டிஸ்சிமுலேஷனோடு வேலை செய்தேன் பாருங்கள் என்று பெருமைப்படுகிறான். சிமுலேட் என்றால் இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவது. டிஸ்சிமுலேட் என்றால் இருப்பதை இல்லாததுபோல மறைப்பது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மாணவன் தலையாட்டுவான், மறுவாரம் மாற்றிச் சொல்வான். கதையின் கடைசிக்கு வாருங்கள். போலீஸ்காரர்கள் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தரைப்பலகைக்கு அடியிலிருந்து இதயத்துடிப்பு அவன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இவர்களுக்கும் கேட்கிறது, தெரிந்தும் தெரியாததுபோல என்னைப் பரிகாசம் செய்கிறார்கள் என்று நினைத்துக் கத்துகிறான்: 'இனியும் டிஸ்செம்பிள் செய்யாதீர்கள், நான்தான் செய்தேன்!' தொடக்கத்தில் தன் திறமையாகப் பீற்றிக்கொண்ட அதே காரியத்தைக் கடைசியில் எதிரில் இருப்பவர்கள் மேல் குற்றமாகச் சுமத்துகிறான். டிஸ்சிமுலேஷனும் டிஸ்செம்பிளும் கிட்டத்தட்ட ஒரே பொருளுள்ள சொற்கள். ஒன்று கதையின் வாசலில், ஒன்று கதவடைப்பில். நீங்கள் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒத்த பொருள் இணையை போ ஒரு மனிதனின் வீழ்ச்சியாகவே கட்டியிருக்கிறார்.

அந்தக் கொலைகாரன் தன் சகாசிட்டியையும் மெச்சிக்கொள்கிறான், அதாவது தன் கூர்மதியை. இனி 1842 மே மாதம் வந்த 'தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்' கதையைத் திறங்கள். நாடு கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருக்கிறது. இளவரசன் பிராஸ்பரோ மட்டும் மகிழ்ச்சியாக, டான்ட்லெஸ்ஸாக (அஞ்சாதவனாக), சகேஷியஸாக (கூர்மதியோடு) இருந்தான் என்கிறார் போ. ஆயிரம் நண்பர்களோடு ஒரு மடாலயத்துக்குள் போய்க் கதவுகளின் தாழ்ப்பாளையே உருக்கி ஒட்டிவிடுகிறான். உள்ளே வர இங்க்ரெஸ் இல்லை, வெளியே போக ஈக்ரெஸ் இல்லை. அப்படியும் நோய் உள்ளே வந்து அவனைக் கொல்கிறது. இரண்டு கதையைப் படித்த மாணவனுக்கு ஒரு சங்கதி பிடிபடும். போவின் கதையில் ஒருவனைக் கூர்மதி உள்ளவன் என்று சொன்னால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'சகேஷியஸ்: அறிவுள்ள' என்ற பட்டியல் வரி அந்த எச்சரிக்கையைத் தரவே தராது. தேர்வில் வரும் நீளமான பத்திகளில் எழுத்தாளர் ஒரு சொல்லை நேராகச் சொல்கிறாரா, குத்தலாகச் சொல்கிறாரா என்பதுதானே கேள்வியே?

இந்தக் கதையில் நான் ரொம்ப நேசிக்கும் சொல் டொமினியன். இரண்டாம் பத்தியில், இளவரசனின் டொமினியன்களில் பாதி ஜனம் அழிந்த பிறகு அவன் நண்பர்களைக் கூட்டினான் என்று வருகிறது. அங்கே அது அவனுடைய ஆட்சிப்பரப்பு. கதையின் கடைசி வாக்கியத்தில், இருளும் அழிவும் செஞ்சாவும் எல்லாவற்றின் மீதும் எல்லையற்ற டொமினியன் செலுத்தின என்று முடிகிறது. முதலில் இளவரசன் கையில் இருந்த சொல் கடைசியில் நோயின் கைக்குப் போய்விட்டது. நடுவில் நடந்தது எல்லாம் அந்தக் கைமாற்றம்தான். இதை முதன்முறை கவனித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாணவர்களிடம் நானாக இதைச் சொல்வதில்லை. இரண்டு இடத்தையும் பென்சிலால் கோடு போடச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

அப்புறம், அந்தக் கதையின் முதல் பத்தியிலேயே ரத்தம்தான் அந்த நோயின் 'அவதார்' என்று எழுதியிருக்கிறார் போ. நம் ஊர்ப் பிள்ளைக்கு அகராதி தேவைப்படாத இடம் அது. கொள்ளைநோய்க்கு அவதாரம் என்ற சொல்லை வைத்தால் எவ்வளவு கொடூரமாக ஒலிக்கிறது என்பது, அந்தச் சொல்லைக் கோயிலில் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1833-இல் பால்டிமோர் வார இதழ் ஒன்றின் போட்டியில் 50 டாலர் பரிசு வாங்கிக்கொடுத்த 'எம்.எஸ். ஃபவுண்ட் இன் எ பாட்டில்'. ஜாவாவின் படேவியா துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கிளம்புகிறது. அந்தக் கப்பல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டப்பட்டது. சரக்கு என்னவென்றால் லட்சத்தீவுப் பஞ்சும் எண்ணெயும். கூடவே காயர், ஜாகரி, கீ, தேங்காய், சில பெட்டி அபின். தேக்கு நம் தேக்கேதான், போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. காயர் நம் கயிற்றின் மலையாள உடன்பிறப்பு. ஜாகரி சர்க்கரையின் தூரத்து உறவு. கீ நெய்தான். அமெரிக்கக் கோதிக் (திகில்) இலக்கியத்தின் பேய்க்கப்பல் கதை ஒன்று நம் மளிகைக்கடைச் சரக்கோடு கடலில் இறங்குகிறது! தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவி அந்த வரியைப் படித்துவிட்டு, 'இது எல்லாம் எனக்குத் தெரியும் சார்' என்று சொன்னபோது அவள் முகத்தில் பார்த்த தெளிச்சியை நான் மறக்கவில்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தில் சரக்கை ஒழுங்காக அடுக்காததால் கப்பல் 'கிராங்க்' ஆக இருந்தது என்று வரும். கிராங்க் என்றால் இங்கே கிறுக்கனும் இல்லை, இயந்திரக் கைப்பிடியும் இல்லை. சாய்ந்து கவிழக்கூடிய கப்பல். தெரிந்த சொல்லுக்குத் தெரியாத பொருள் இருக்கும் என்பதை அந்தப் பெண் பயமில்லாமல் கற்றுக்கொண்டாள், ஏனென்றால் முந்தின வரி அவளுடைய வரி.

லூரிட் என்ற சொல்லையும் சொல்லாமல் விட மனமில்லை. பட்டியல்களில் 'பளீரென்ற, அருவருப்பூட்டும் பரபரப்பான' என்று இருக்கும். 1839-இல் வந்த 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' கதையில் வீட்டின் முன்னால் இருக்கும் குட்டையை 'கறுத்த, லூரிட்டான' குட்டை என்கிறார் போ. கறுப்பு எப்படிப் பளீரென்று இருக்கும் என்று மாணவன் குழம்புவான். குழம்பட்டும். லத்தீன் மூலத்தில் அது வெளிறிய மஞ்சள், பிணக்களை. இப்போது ஐம்பது ஆண்டு தள்ளி வந்து அமெரிக்கப் பெண் எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892-இல் வெளியிட்ட 'தி எல்லோ வால்-பேப்பர்' கதைக்குப் போங்கள். சுவர்த்தாளின் மஞ்சளைப் பற்றிச் சொல்லும்போது, ரெப்பெலன்ட், கிட்டத்தட்ட ரிவோல்ட்டிங் (இரண்டுமே அருவருக்க வைப்பது), சில இடங்களில் மங்கலாகவும் ஆனால் லூரிட்டாகவும் இருக்கும் ஆரஞ்சு என்று எழுதுகிறார். வெளிறலும் பளீரும் அந்தச் சொல்லுக்குள் இரண்டுமே இருக்கின்றன என்பது இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

கில்மனின் கதையை மாணவிகள் கட்டாயம் படிக்க வேண்டும், மாணவர்கள் அதைவிடக் கட்டாயமாகப் படிக்க வேண்டும். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை, மருத்துவனான கணவனே, ஓய்வு என்ற பெயரில் மாடி அறையில் வைத்திருக்கிறான். எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது. கில்மன் தானே 1887-இல் அப்படி ஓர் 'ஓய்வுச் சிகிச்சை'க்கு ஆளானவர். கதையில் அந்தப் பெண் தன்னைப் பற்றி எழுதிக்கொள்கிறாள்: நான் ரொம்ப எரிச்சல் பிடித்தவளாகவும் குவெருலஸ்ஸாகவும் ஆகிவருகிறேன். குவெருலஸ் என்றால் எதற்கெடுத்தாலும் முனகிக் குறைப்படுகிற. ஆனால் அவளுக்குக் குறைப்பட எல்லா நியாயமும் இருக்கிறது. கணவன் அவளுக்கு ஒட்டிய முத்திரையை அவளே எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறாள். பட்டியல் அந்தச் சொல்லின் பொருளைத் தரும். அதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைக் கதைதான் தரும். கடைசியில் கதையைத் தூக்கி நிறுத்துவது எந்தப் பெரிய சொல்லும் இல்லை. க்ரீப் என்ற சின்னஞ்சிறு சொல். மயங்கி விழுந்து கிடக்கும் கணவனைத் தாண்டி அவள் ஊர்ந்து போகிறாள், திரும்பத் திரும்ப.

ஹாதார்னை நான் கொஞ்சம் தாமதமாகவே கொடுக்கிறேன். அவர் வாக்கியம் நீளம், வேதாகமப் பரிச்சயமும் வேண்டும். ஆனாலும் 'தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்' கதையில் சாகும் பாதிரியார், சுற்றி நிற்கும் ஒவ்வொரு விசேஜிலும் ஒரு கறுப்புத் திரையைப் பார்க்கிறேன் என்று சொல்லும் இடம் ஒன்றுக்காகவே அதைப் படிக்கலாம். ஃபேஸுக்கும் விசேஜுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், முகத்துக்கும் வதனத்துக்கும் உள்ளதுதான் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

உங்கள் தரப்பில் வரக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வாரத்தில் எல்லாம் முடிக்க வேண்டும், கதைக்கு நேரம் எங்கே என்பீர்கள். 'அமான்டில்லாடோ', 'டெல்-டேல் ஹார்ட்', 'ரெட் டெத்' ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள்தான். ஒரு வகுப்பில் உரக்கப் படித்து முடித்துவிடலாம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் செலவும் இல்லை. பழைய கதையில் பழைய ஆங்கிலம்தானே இருக்கும் என்று கேட்டால், அது உண்மைதான். 'சிங்குலர்லி' என்று போ எழுதினால் தனியாக என்று பொருளில்லை, அசாதாரணமாக என்று பொருள். இப்படிப்பட்ட இடங்களில் ஆசிரியர் நின்று சொல்லியே ஆக வேண்டும். போவைப் போல எழுதவும் மாணவர்களை விடக் கூடாது, பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையில் அந்த நடை வந்தால் கெட்டுவிடும். படிக்கத் தெரிய வேண்டிய சொல் வேறு, எழுத வேண்டிய சொல் வேறு. அதைத் தனித்தனி நோட்டில் எழுதச் சொல்கிறேன் நான்.

திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். செய்தார்கள். ஆனால் நிகண்டோடு பாட்டும் படித்தார்கள். நிகண்டில் கேட்ட சொல்லைச் செய்யுளில் சந்தித்தார்கள். எங்களுக்குப் பாட்டு இல்லாமல் நிகண்டு மட்டும் கிடைத்தது.

இன்னொன்றும் நினைவூட்ட வேண்டும். நான் எழுதிய தேர்வில் எதிர்ச்சொல் கேள்வியும் ஒப்புமைக் கேள்வியும் இருந்தன. பட்டியல் மனப்பாடத்துக்கு அவற்றில் நேரடிப் பலன் உண்டு. 2011 ஆகஸ்டில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தின் நடுவே கோடிட்ட இடத்துக்குச் சொல் தேட வேண்டும், அல்லது ஆறு சொல்லில் ஒரே அர்த்தத்தைத் தரும் இரண்டைப் பொறுக்க வேண்டும். தேர்வே வாக்கியத்துக்குள் வந்துவிட்ட பிறகும் நாம் தாளின் இடப்பக்கம், வலப்பக்கத்திலேயே இருப்பது மாணவர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

எல்லாக் கதையையும் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. 'தி பிளாக் கேட்' கதையில் வளர்ப்புப் பிராணிக்கும் மனைவிக்கும் நடக்கும் கொடுமை மனதைப் புண்படுத்தும், அதை நான் வகுப்பில் படிப்பதில்லை. மனச்சோர்வில் இருக்கும் மாணவர் யாராவது இருந்தால் கில்மனை அவரிடம் தனியாகப் பேசிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 'அஷர்' நீளமானது, கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 'அமான்டில்லாடோ'தான் வாசல். அதில் பாதி உரையாடல், வாக்கியங்கள் சின்னச் சின்னவை, கடினச் சொல் பெரும்பாலும் முதல் இரண்டு பக்கத்திலேயே வந்துவிடும்.

ஒரு கதையை எடுத்தால் நான் செய்வது இதுதான். முதல் முறை அகராதி இல்லாமல், உரக்க, நிறுத்தாமல் படிக்கிறோம். யாருக்கு என்ன புரிந்தது என்று தமிழிலேயே பேசுகிறோம். இரண்டாம் முறைதான் சொற்களுக்கு அடியில் கோடு. ஒருவர் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ்ப் பொருளோடு, கதையில் அதைச் சொல்வது யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் என்று ஒரு வரி எழுத வேண்டும். அக்காஸ்ட்: குடித்துவிட்டு வந்த ஃபார்ச்சுனாட்டோ, திருவிழாத் தெருவில், மாண்ட்ரெசாரை. அவ்வளவுதான். அதன் பிறகு உங்கள் பட்டியலைக் கொடுங்கள். அதை நான் எதிர்க்கவே இல்லை. கதையில் பழகிய சொல் பட்டியலில் வரும்போது மாணவன் அதைத் தெரிந்தவரைப் பார்த்ததுபோல அடையாளம் கண்டுகொள்கிறான்.

எந்த ஆசிரியராவது ஒரு பேட்சுக்கு இதைச் செய்து பார்க்க நினைத்தால், ஆறு ஆண்டுகளாக மாணவர்கள் எழுதிய அந்த வரிகள் அடங்கிய நோட்டுகளைப் படியெடுத்துத் தருகிறேன். உங்கள் ஊருக்கு வந்து முதல் வகுப்பில் உங்களோடு உட்காரவும் தயார். நீங்கள் படியுங்கள், நான் பின்வரிசையில் மாணவர்களோடு இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்
திருச்சி